கேலரியிலிருந்து கத்தியவள் மகனுக்கு எழுதுவது

அன்பு,

நீ மஸ்கட் போய்ச் சேர்ந்ததும், தங்க அறை கிடைத்ததும், கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய் வருவதும் உன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். செய்தி அவர் போனுக்குத்தான் வருகிறது. அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அடுப்படியில் நிற்கும் எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிக்கிறார். படித்து முடித்ததும், “வேற ஒண்ணும் இல்ல” என்கிறார். அந்த வேற ஒன்று என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கிளம்பிய அன்று வாசலில் நின்று “வர்றேம்மா” என்று சொன்னாய். சொன்னது என்னிடம், பார்த்தது உன் பையை. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறுகிற கோபமாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை கால்பந்து ரசிகர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் போடச் சொல்லி ஜபருல்லாவிடம் கொடுக்கப்போகிறேன். மன்றத்தின் தலைவர் அவர்தான். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பறையடிக்கிற கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர். நம் வீட்டு விஷயத்தை ஊர் படிக்க வேண்டுமா என்று உன் அப்பா கேட்டார். நான் உன்னைப் பார்த்துக் கத்தியது ஊர் முன்னால். அதற்கான காரணத்தை மட்டும் வீட்டுக்குள் குசுகுசுவென்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் தவிர, அன்றைக்கு உன் மேல் தண்ணீர் பாட்டில் எறிந்தவர்களும் இதைப் படிக்க வேண்டும். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்கு இப்போது தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெண்ணாறு கால்பந்துக் கழகம் நம் குடும்பத்துக்கு என்ன உறவு என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அண்ணன், உன் மாமா, இந்தக் கழகத்துக்குக் கோல்கீப்பராக நின்றவர். எங்கள் அப்பாவும் அம்மாவும் கழகத்தின் இப்போதைய தலைவருடைய அப்பாவின் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தப் பெரிய வீட்டின் கொல்லைப்பக்கம் எங்களுக்குத் தெரியும், வாசல்பக்கம் தெரியாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் பாய்ந்து பந்தைப் பிடித்தால், அந்த வீட்டுக்காரர்களே எழுந்து நின்று அவர் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். நான் கேலரியில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். நர்சிங் படிக்கப் போகிறேன் என்று எங்கள் அப்பாவிடம் வாய் திறந்து சொன்ன துணிச்சல் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

அதற்காக அது நல்ல காலம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆட்டத்தில் அண்ணனின் முழங்கால் போயிற்று. வைத்தியத்துக்கு ஏதாவது செய்வார்களா என்று கேட்கப் போனார். “கமிட்டில பேசுறோம், போ” என்றார்கள். பேசினார்களா என்று இன்றுவரை தெரியாது. அவர் இப்போது பேராவூரணியில் மகள் வீட்டில் இருக்கிறார், இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். எங்கள் தெருவுக்குக் கமிட்டி என்றால் அதுதான். உள்ளே யாரோ பேசுவார்கள், நாம் வெளியே நிற்போம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன்னைக் கமிட்டிக்குக் கூப்பிட்டபோது நான் அப்படிச் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

பழைய தலைவர் போன பிறகு அவர் மகன் வந்தார். வந்ததும் சங்கமாக இருந்த கழகத்தைக் கம்பெனியாக மாற்றினார். உறுப்பினராக இருந்த எங்களுக்கெல்லாம் படம் ஒட்டிய அட்டை கொடுத்தார். அதில் ‘ஆயுள் ரசிகர்’ என்று போட்டிருந்தது. ஓட்டுப் போடுகிற உரிமை போனதைக் கவனிக்காமல் நாங்கள் அட்டையை உறை போட்டு வைத்துக்கொண்டோம். பிறகு அவர் மருமகன் வந்தார். அணியைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலையாயிற்று. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள்; ஒருவர் பேர் மனதில் பதிவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டபோது, தலைவரின் அரிசி ஆலைக்கு வந்த ஈர நெல்லை மைதானத்தில் கொட்டிக் காயவைத்தார்கள். சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும்வரை ஆலையில் வேலை செய்யும் பெண்கள் கூட்டி அள்ளினார்கள். விசில் ஊதிய பிறகும் ஒரு புறாக் கூட்டம் நடு மைதானத்தில் நெல் பொறுக்கிக்கொண்டிருந்தது. எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். உனக்கும் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. அன்று தோற்ற பிறகு ஜபருல்லா மட்டும், “நம்மள வச்சு சிரிக்கிறானுவக்கா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து பொருட்காட்சி. மைதானத்தை ராட்டினக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ராட்டினம் போனது, அதற்குத் தோண்டிய குழி போகவில்லை. மேலே மண்ணைத் தள்ளி மூடிவைத்தார்கள். மழையில் மண் இறங்கிவிட்டது. பந்தை விரட்டி ஓடிய நம் பையன் ஒருவனின் கால் அதில் போயிற்று. எலும்பு முறிந்த சத்தம் கேலரிவரை கேட்டது என்று சொல்வார்கள். எனக்குக் கேட்கவில்லை, அவன் கத்தியதுதான் கேட்டது. ஸ்ட்ரெச்சர் இல்லை, டாக்டர் இல்லை. நான் வேலி தாண்டி ஓடினேன். டீக்கடை பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, உன் துண்டை வாங்கி, காலைக் கட்டினேன். வாட்டர் கேன் இறக்க வந்த குட்டியானை வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ பின்னால் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். அவன் அழுதுகொண்டே, “சிஸ்டர், மறுபடி ஆடலாம்ல?” என்று கேட்டான். நர்ஸாக இருந்த இத்தனை வருஷத்தில் அந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் பொய் சொன்னதில்லை. அன்று சொன்னேன். வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “இத இப்படியே விடக் கூடாதும்மா” என்றாய்.

நீயும் ஜபருல்லாவும் ஆள் திரட்டியது அதற்குப் பிறகுதான். இருந்த ஒரே நல்ல கோல்கீப்பரையும் சீசன் நடுவில் வேறு அணிக்குக் கொடுத்துவிட்ட சேதி வந்த வாரம், மைதானத்து கேட்டில் கறுப்புத் துணி கட்டினோம். உள்ளே போகாமல் ரோட்டோரம் உட்கார்ந்தோம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நின்று என்னவென்று விசாரித்தார்கள். பந்தாட்ட விஷயம் என்றதும், “அட, இதுக்காகவா” என்று சிரித்துவிட்டு நடந்தார்கள். காலி கேலரிக்கு முன்னால் நம் அணி ஆடியது. உள்ளிருந்து சத்தமே வராமல் ஆட்டம் நடப்பதை வெளியே உட்கார்ந்து கேட்பது ஒரு மாதிரி இருந்தது, உனக்கு நினைவிருக்கும். மறுநாள் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

நீ, நான், ஜபருல்லா மூன்று பேரும் போனோம். வாசல்பக்கமாகவே உள்ளே அழைத்தார்கள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். “வாங்க சிஸ்டர், உக்காருங்க. அம்மாவுக்கு ஊசி போட எத்தன தடவ வீட்டுக்கு வந்திருக்கீங்க, நான் மறப்பனா” என்றார். காபி வந்தது. ஜபருல்லா குழியைப் பற்றிச் சொன்னார், நெல்லைப் பற்றிச் சொன்னார், கோல்கீப்பரைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலைவர் தலையாட்டினார். “நீங்க சொல்றதுல ஒண்ணுகூட தப்பில்ல பாய். எனக்கே ராத்திரி தூக்கம் வரல” என்றார். சண்டைக்குத் தயாராக வந்த ஆளிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டால் அவன் என்ன செய்வான்? ஜபருல்லா காபியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பிறகு தலைவர் உன் பக்கம் திரும்பினார்.

“தம்பி பாலிடெக்னிக்ல வாத்தியார்ல? படிச்ச புள்ள. வெளிய உக்காந்து கத்துறதவிட உள்ள வந்து செய்யலாமே. கமிட்டில ஒரு எடம் காலியாத்தான் இருக்கு.”

நீ என்னைப் பார்த்தாய். நான் சரியென்று தலையசைத்தேன். யோசித்துச் செய்ததல்ல, கழுத்து தானாக அசைந்தது. நம் தெருவிலிருந்து அந்தக் கமிட்டியில் உட்காரப்போகிற முதல் ஆள் என் மகன் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது. வெளியே வந்ததும் ஜபருல்லா உன் தோளில் கைபோட்டு, “போ தம்பி, உள்ள போயி நல்லா கேளு” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். வீட்டில் உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உனக்குத் தெரியும், மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கி ஓய்ந்த மனுஷன். பந்தாட்டம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சோற்றைப் பிசைந்துகொண்டே, “பாய்தான மன்றத்துத் தலைவரு? அவர ஏன் கூப்பிடல?” என்று கேட்டார். நான், “உங்களுக்கு எதுலயும் நொட்டைதான்” என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன்.

நீ உள்ளே போய் ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த ராட்டினக் குழியைக் கருங்கல் ஜல்லி போட்டு இறுக்கி மூடவைத்தது நீ. கேலரிக்குப் பின்னால் பெண்களுக்குக் கழிப்பறை கட்டவைத்தது நீ. அதுவரை அரைநேர இடைவேளையில் நாங்கள் எதிரே இருந்த வீடுகளில் போய்க் கேட்டு நின்றோம். அதைக் கட்டித் திறந்த அன்று கேலரியில் இருந்த பெண்கள் எல்லாரும் எனக்குக் கைகொடுத்தார்கள். ஆனால் நீ பேசும் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் கூட்டம் முடிந்து வந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று நடித்தே காட்டுவாய். பிறகு, “பேசிக்கிட்டு இருக்கோம்” என்று மட்டும் சொன்னாய். பிறகு அதுவும் இல்லை. ஒருநாள் ஜபருல்லா வீட்டுக்கு வந்து, மருமகன் தன் நண்பனின் பையனை ஆடவைக்கிறாரே, அவனுக்கு ஓடவே வரவில்லையே என்று உன்னிடம் கேட்டார். நீ, “பாய், வெளிய இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். நாங்க உள்ள எவ்வளவு சமாளிக்கிறோம்னு எங்களுக்குத்தான் தெரியும்” என்றாய். ஜபருல்லா அந்த ‘நாங்க’வைக் கேட்டார். நானும் கேட்டேன். நீ சொன்னதை நீ கேட்டதாகத் தெரியவில்லை. அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார், அதன் பிறகு நம் வீட்டுக்கு வரவில்லை. நான் அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன் முகம் இளைத்திருந்தது, சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடுவோம், டிரா செய்தால் தப்பிப்போம் என்ற நிலை. மன்றத்தில் பேசி, கோபத்தை ஒரு நாளைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு எல்லாரும் கேலரிக்குப் போவது என்று முடிவு செய்தோம். திருத்துறைப்பூண்டியிலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். கேலரி நிறைந்து, வேலியோரமும் ஆள் நின்றது. காலையில் பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று இருந்தது. நம் பையன்கள் அப்படி ஓடி நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம், ஆனால் யாரும் மனசு விடவில்லை. பறைச் சத்தம் நிற்கவே இல்லை. அரைநேர விசில் ஊதியது. மேடையில் தலைவரின் நாற்காலி காலியாக இருந்தது. கும்பகோணத்தில் ஏதோ கல்யாணம் என்றார்கள். மருமகனையும் காணோம். நீ எழுந்து மைக்கைப் பிடித்தாய். ரசிகர்களுக்கு நன்றி சொல்லப்போகிறாய் என்று நினைத்து நாங்கள் கை தட்டினோம்.

கையில் இருந்த தாளை நீ படித்தாய். கழகத்தின் எதிர்கால வளர்ச்சியைக் கருத்தில்கொண்டு, அடுத்த சீசன் முதல் நம் அணி சென்னையில், புதிய பங்குதாரர்களோடு, புதிய பெயரில் ஆடும் என்று படித்தாய். முதலில் யாருக்கும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், “சென்னைக்கு டூர் போறாங்களா?” என்று கேட்டாள். புரிந்ததும் பறை நின்றது. அந்த நிசப்தத்தில் நீ அடுத்த வரியைப் படித்தாய்: ரசிகர்கள் தொடர்ந்து ஆதரவு தர வேண்டும். அப்போதுதான் நான் எழுந்தேன்.

“அன்பு! மைக்க வச்சிட்டு எறங்குடா!”

வார்டில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு உன்னைப் பார்த்தார்கள். நீ தாளிலிருந்து கண்ணை எடுத்து நேராக என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து மிச்சத்தையும் படித்தாய். அதற்குள் மற்றவர்களும் கத்தத் தொடங்கிவிட்டார்கள். பாட்டில் பறந்தது. ஒன்று உன் காதோரம் பட்டதைப் பார்த்தேன். ஜபருல்லா வேலியில் ஏறி, “யாரும் எறியாதீங்கடா! நம்ம புள்ளடா அவன்!” என்று அலறினார். நான் உட்காரவில்லை, உன்னிடம் ஓடியும் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. முடிவதற்குச் சற்று முன்னால் கார்னரிலிருந்து வந்த பந்தை நம் பையன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். எல்லாரும் குதித்தோம். குதித்து, கட்டிப்பிடித்து, அப்புறம்தான் எதற்குக் குதிக்கிறோம் என்று நினைவு வந்தது. டிரா. கீழ்ப்பிரிவுக்குப் போகாமல் தப்பிவிட்டோம். தப்பியதால்தான் மேல்பிரிவில் நமக்கு இருந்த இடத்துக்கு விலை. தோற்றிருந்தால் சென்னைக்காரர்கள் நம்மைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடியது கழகத்தை விற்பதற்குத் தோதாக அமைந்தது. அவர்களில் யாரையும் சென்னைக்கு அழைத்துப் போகவும் இல்லை.

வீட்டுக்கு வந்து காதில் மருந்து போட விடாமல் உட்கார்ந்திருந்தாய். பிறகு கேட்டாய், “ஊரே கத்தட்டும்மா. நீ கத்தலாமா?” நான் பதில் சொல்லவில்லை. வாயடைத்துப்போனேன் என்று நீ நினைத்திருக்கலாம். பதில் இருந்தது, அன்று சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். கத்தலாம். மருமகன் என்பதற்காக ஒருவர் அணியைத் தேர்ந்தெடுக்கிறார் என்றுதானே நாம் ரோட்டில் உட்கார்ந்தோம்? மகன் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கும் அந்தத் தலைவருக்கும் என்ன வித்தியாசம்? மேடையில் வேறு யார் நின்று அந்தத் தாளைப் படித்திருந்தாலும் நான் கத்தியிருப்பேன். நீயாக இருந்ததால் பேரைச் சொல்லிக் கத்தினேன், அவ்வளவுதான். இதற்கு நான் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை. நீ அதற்காகக் காத்திருந்தால், காத்திருக்க வேண்டாம்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. நீ விசாவுக்காகச் சென்னைக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களில் நானும் ஜபருல்லாவும் தலைவரை மறுபடி பார்க்கப் போனோம். கழகம் போனால் போகட்டும், வெண்ணாறு என்ற பேரையும் பச்சை ஜெர்சியையுமாவது எங்களுக்கு விட்டுவிடுங்கள், நாங்கள் சின்னதாக ஏதாவது நடத்திக்கொள்கிறோம் என்று கேட்கப் போனோம். அன்றும் காபி வந்தது. பேரும் நிறமும் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டன என்றார். சென்னைக்காரர்கள் அதைப் பயன்படுத்தப்போவதில்லை, ஆனாலும் கொடுக்க முடியாதாம். நாங்கள் எழுந்தபோது, பேச்சோடு பேச்சாக, “சிஸ்டர், தம்பிமேல கோவப்படாதீங்க. கமிட்டில வேணாம்னு கைதூக்குனது அவரு ஒருத்தருதான். என்கிட்டயே எகிறிக்கிட்டு வந்தாரு” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார், “நான்தான் சொன்னேன், தம்பி, நீயே படிச்சிடு, உன் ஆளுங்க உன்னய ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு.”

உன் ஆளுங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உனக்கு அங்கே இடம் போட்டிருந்தார்கள், அன்பு. எங்களை அடக்க ஒரு நாள் நீ தேவைப்படுவாய் என்று தெரிந்தே, நெல்லைக் குதிரில் போட்டு வைப்பதுபோல் உன்னை எடுத்து வைத்திருந்தார்கள். காபி டம்ளரை அவர் மேஜையில் வைத்தேன். உன் அப்பா சோறு பிசைந்துகொண்டு கேட்ட கேள்விக்கு நான் ரசம் ஊற்றியதை நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து ஜபருல்லா வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். “அவன்கிட்ட நான் பேசாம இருந்துட்டேனேக்கா” என்று மட்டும் சொன்னார். அவர் உனக்குப் போன் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். செய்யாவிட்டால், செய்யத் தெரியாமல்தான் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்.

நீ தனியாக எதிர்த்து நின்றது எனக்குப் பெருமை. இதை ஊர் படிக்கட்டும். ஆனால் எதிர்த்து நின்றவன், வெளியே வந்து அன்றைக்கே எங்களிடம் சொல்லாமல், ஏன் அந்தத் தாளை வாங்கிக்கொண்டாய்? பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட நம்மில் ஒருவன் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தாயா? உன்னைத் தெரிந்தவள் என்பதால் அப்படித்தான் நினைத்திருப்பாய் என்று தோன்றுகிறது. அவர்களும் உன்னைத் தெரிந்துவைத்திருந்தார்கள். இனி எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் உன்னை உள்ளே கூப்பிட்டாலும், உன்னை மட்டும் ஏன் என்று கேள். தனியாகப் போகாதே. உள்ளே கேட்டதை வெளியே இருப்பவர்களிடம் முதலில் சொல். இதையெல்லாம் ஒரு தாய் மகனுக்குச் சொல்லும் அறிவுரையாக எழுதிக்கொண்டு வரும்போதே, இதையெல்லாம் நீ ஒழுங்காகச் செய்திருந்தாலும் கழகம் போய்த்தான் இருக்கும் என்றும் எனக்குத் தெரிகிறது. அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது வேறு மாதிரி உன்னிடம் சொல்லி ஆசை காட்டக் கூடாது. மனு கொடுத்தோம். தனியார் கம்பெனியின் சொந்த விவகாரம் என்று பதில் வந்தது. புதிதாகக் கழகம் தொடங்கலாம் என்று ஜபருல்லா கூட்டம் போட்டார். முதல் கூட்டத்துக்குக் கடை கொள்ளாத ஆள். அடுத்த கூட்டத்தில் யார் தலைவர், யார் செயலாளர் என்று சண்டை வந்து, அந்தப் பெரிய வீட்டில் நடந்ததெல்லாம் செல்போன் கடையிலும் நடந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் நானும் ஜபருல்லாவும் அவர் தம்பியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நன்றாக ஆடுகிற பையன்கள் திருச்சிக்குப் போய்விட்டார்கள். கால் முறிந்தவன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கிறான். சீசன் தொடங்கியபோது சென்னை ஆட்டத்தைப் போனில் போட்டுப் பார்த்தேன். ஊதா நிற ஜெர்சி. யார் யாரோ ஓடினார்கள். ஜெயித்தால் பரவாயில்லையா, தோற்றால் பரவாயில்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அணைத்துவிட்டேன். நீ சம்பாதிப்பதிலிருந்து இந்த விஷயத்துக்கென்று எதுவும் அனுப்பாதே, யார் கேட்டாலும் அனுப்பாதே. இதற்காக ஊருக்குத் திரும்பவும் வேண்டாம்.

நேற்று மைதானத்தில் கோல் கம்பங்களை வெட்டுகிறார்கள் என்று ஜபருல்லா போன் செய்தார். அங்கே கல்யாண மண்டபம் வருகிறதாம். போனேன். மன்றத்தில் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள்கூட ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள். கேஸ் கட்டரை வைத்துக் கம்பத்தை அடியில் அறுத்துக்கொண்டிருந்தார் ஒருவர். நம் ஊர்க்காரர் இல்லை, சீர்காழிப் பக்கம் என்றார். கம்பம் சாய்ந்ததும் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். “பழைய இரும்புக் கடைக்குத்தாங்க போவுது. யாருக்காச்சும் வேணுமா?” என்று கேட்டார். நல்ல மனுஷன். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. தடுக்கவும் இல்லை. மறியல் செய்யலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, சொன்னவரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அறுத்த துண்டுகளை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். வண்டி ரோட்டில் ஏறித் திரும்பி மறைந்த பிறகும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நிற்பதற்கும் எதுவும் இல்லை.

நீ இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அங்கே நிற்கும்போது யோசித்தேன். மேடை இல்லை, மைக் இல்லை, உள்ளே வெளியே என்று எதுவும் மிச்சமில்லை. எங்களோடு வந்து பக்கத்தில் நின்றிருப்பாய். அது போதும் என்று எழுதி இதை முடிக்கத்தான் ஆசை. போதாது, அன்பு. நின்று ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், பாட்டில் பட்டு உன் காதோரம் விழுந்த அந்தத் தழும்பு தெரிகிற பக்கமாக நீ வந்து நின்றிருந்தால், நான் நகர்ந்து உனக்கு இடம் விட்டிருப்பேன்.

அம்மா